கேஜ் நோட்டில் இல்லாத தண்ணீர்

அண்ணே,

கிடைத்துவிட்டது! இன்று காலை பாபநாசத்தில் ஷமீமா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, உயிர் காத்தவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற பதக்கம் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பெட்டியைத் திறந்ததும் புது வெல்வெட் துணி வாசனையும், புளி போட்டு விளக்கிய செப்புக்குடத்தின் வாசனையும் ஒன்றாக வந்து மூக்கில் ஏறின. கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "அக்கா, கீழ போட்டுறாதீங்க" என்று ஷமீமா சிரித்தாள். வருஷக்கணக்காகப் பதக்கம் பதக்கம் என்று உங்கள் காதைத் தின்றவள், ஒரு பதக்கத்தைக்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரியும். "கடலப் பாக்காமலே கப்பல் கதை சொல்ற ஆளு நீங்க" என்று அதைச் சொல்லித்தானே என் வாயை அடைப்பீர்கள்.

இனி அடைக்க முடியாது. நான் பார்த்தாயிற்று. வட்டமாக இருக்கிறது. நினைத்ததைவிடச் சின்னது, நினைத்ததைவிடக் கனம். ஒரு பக்கம் விரித்து நீட்டிய உள்ளங்கை. அபயம் காட்டுகிற கை. அதற்கு மேலே நாகரி எழுத்தில் ஒரு சொல், 'பயப்படாதே' என்று அர்த்தமாம். நம் பக்கத்துக் கோயில்களில் செப்புத் திருமேனிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கையை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஞாயிறு பூசைக்கு மட்டும் போகிற எனக்கே பார்த்ததும் தெரிந்துவிட்டது. மறுபக்கம் சிங்க முத்திரை. சிவப்பு நாடா, ஓரத்தில் வெளிர்நீலம், நடுவில் பச்சைக் கோடு. டில்லியில் யாரோ உட்கார்ந்து யோசித்த பதக்கத்தில் நம் ஊர் நடராசர் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார், அண்ணே! இதை உங்களிடம் சொல்லாமல் நான் யாரிடம் சொல்வேன்?

ஷமீமா யார் என்று கேட்பீர்கள். நீங்கள் போன பிறகு எனக்குத் தெரிய வந்தவள். புருஷன் துபாயில், இவள் இங்கே ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கிறாள். படித்துறையில் வழுக்கி ஆற்றோடு போன இரண்டு பெண்குழந்தைகளைக் கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு ஓடிக் குதித்துக் கரையேற்றினாள். விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது நான்தான். எழுதுவதற்கு முன்னால் அவளிடம் மூன்று தடவை கேட்டேன், அனுப்பட்டுமா, அனுப்பட்டுமா என்று. அந்தக் குழந்தைகளின் அம்மாவிடமும் போய் உட்கார்ந்து கேட்டேன். "எத்தன தடவக்கா கேப்பீங்க, அனுப்புங்க" என்று ஷமீமா அலுத்துக்கொண்டாள். ஏன் அத்தனை தடவை கேட்டேன் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரிந்த சங்கதி. இந்தக் கடிதத்தில் அதையும் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு தாலுகா ஆபீஸில் கிளார்க். எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். ரெக்கார்டு ரூமில் எதையோ தேடப் போய், செல்லரித்த கட்டு ஒன்றில் வெள்ளைக்காரன் காலத்துக் கடிதம் ஒன்று அகப்பட்டது. வெள்ளத்தில் ஊர்ச்சனத்தைக் கரை சேர்த்த ஒரு ஓடக்காரருக்குப் பதக்கம் கொடுக்கலாம் என்று யாரோ ஒரு துரை எழுதியிருந்தார். கொடுத்தார்களா, இல்லையா? பதில் கடிதம் இல்லை. கட்டை மூன்று முறை பிரித்துக் கட்டினேன். இல்லவே இல்லை. அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்தப் பைத்தியம். யார் இந்தப் பதக்கங்களை முதலில் கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள், எப்படிக் கேட்பது என்று கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஜீவன் ரக்ஷா என்ற பெயரில் சுதந்திர இந்தியாவும் பதக்கம் கொடுக்கிறது, அதில் மூன்று படி இருக்கிறது, நம் ஆபீஸிலிருந்தே சிபாரிசு அனுப்பலாம் என்று தெரிந்தபோது எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரே ஒரு வீரர்தான் தேவைப்பட்டார்.

அந்த நேரம் பார்த்து சரோஜா ஜாதிச் சான்றிதழ் வாங்க வந்து என் மேசை முன்னால் நின்றாள். நெற்றியில் தையல் பிரித்த புதுத் தழும்பு.

"என்னம்மா நெத்தியில?"

"ஆத்தோட போயிட்டேங்க மேடம். லஸ்கரு அண்ணன் மட்டும் எறங்கலன்னா இந்நேரம் எனக்குப் பதினாறாம் நாளு காரியமே முடிஞ்சிருக்கும்."

லஸ்கர் என்றால் ஆறு பிரிகிற தலைப்பில் மதகு ஷட்டரை ஏற்றி இறக்கி, எந்த ஆற்றில் என்றைக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று கேஜ் நோட்டில் எழுதி வைக்கிற பொதுப்பணித்துறை ஊழியர் என்ற அளவுக்குத்தான் எனக்கு அப்போது தெரியும். நீங்கள்தான் அந்த லஸ்கர் என்றோ, என் வாழ்க்கையில் பாதிப் பேச்சை உங்களோடுதான் பேசப் போகிறேன் என்றோ தெரியாது. சரோஜாவை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, சொல்லச் சொல்ல எழுதினேன்.

"மொற இல்லாத நாளுன்னுதாங்க ஆத்துல எறங்கினேன். தலையில புல்லுக்கட்டு. மடுவுகிட்ட வரயில காலுல சில்லுன்னுச்சு. திரும்பிப் பாக்கறதுக்குள்ள இடுப்பு மட்டும் வந்துட்டு. பாலத்துக் கண்ணுல ஆகாயத்தாமர அடச்சிக் கெடந்துச்சு பாருங்க, அதுல போயி சொருகிட்டேன். அண்ணன் ரெண்டு தடவ முங்கி எடுத்தாக."

எழுதும்போதே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தண்ணீர் போகிற போக்கைப் பார்த்தபடி கரையில் சைக்கிளில் வந்த நீங்கள், சைக்கிளோடு சரிந்து இறங்கியது. பாலத்துத் தூணில் வலது தோள் மோதியது. முதல் முங்கலில் புல்லுக்கட்டுதான் கைக்கு வந்தது. இரண்டாவதில் தலைமயிர். ஒரு வரி விடாமல் எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கி, தாசில்தாரிடம் வைத்து, மறுநாளே கலெக்டர் ஆபீஸுக்கு அனுப்பிவிட்டேன். 'முறை இல்லாத நாள்' என்று அவள் சொன்னதையும் அப்படியே எழுதியிருந்தேன். நான் தஞ்சாவூர் டவுனில் பிறந்தவள். அரிசியைப் பையில் பார்த்தவளே தவிர வயலில் பார்த்தவள் இல்லை. தண்ணீர் தட்டுப்பாடான வருஷங்களில் ஆற்றுக்கு இத்தனை நாள் என்று முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள், முறை இல்லாத நாளில் ஊரே ஆற்றுக்குள் இறங்கிக் குறுக்கே நடக்கும், அன்றைக்குத் தண்ணீர் வராது என்பது இங்கே பஞ்சாங்கத்தைவிட உறுதியான சங்கதி என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரிந்தது? முறை இல்லாத நாளில் தண்ணீர் எப்படி வந்தது என்று சின்னக் குழந்தை கேட்டிருக்கும். நான் கேட்கவில்லை.

உங்களைக் கேட்கவும் இல்லை. அனுப்பிவிட்டு, நல்ல சேதி சொல்லப் போகிற மாதிரி பஸ் ஏறி உங்கள் தலைப்புக்கு வந்தேன். ஷட்டர் திருகுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தீர்கள், இடது கையால். விஷயத்தைச் சொன்னதும் தடவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"அந்த ஃபைல வாங்கிப் போட்டுருங்க மேடம்."

"தபால் போயாச்சு சார்" என்றேன், பெருமையாக.

"நான் கேட்டனா?"

"நீங்க எதுக்குக் கேக்கணும்? கேக்காம செய்யறதுதான சார் பெருமை!"

நீங்கள் கிரீஸ் டப்பாவை மூடினீர்கள். எவ்வளவு அடக்கமான மனிதர் என்று நான் பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் உருகிப் போனேன். என் அறிவை என்னவென்று சொல்வது!

ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் தேதியில் மேற்படி ஆற்றில் ஷட்டர் மூடப்பட்டிருந்ததாகவும் தண்ணீர் இல்லை என்றும் கேஜ் நோட்டின்படி தெரிகிறது. தண்ணீர் இல்லாத ஆற்றில் மேற்படி பெண் அடித்துச் செல்லப்பட்டது எப்படி? அவர் வாக்குமூலம் உண்மையானதா என்று விசாரித்து அறிக்கை அனுப்பவும். அந்தத் தாளைப் படித்தபோதுதான், அண்ணே, எனக்குச் சில்லென்றது. கேஜ் நோட்டில் 'மூடல்' என்று எழுதியது உங்கள் கை. ஷட்டரைத் தூக்கியதும் அதே கை.

மறுபடி பஸ் பிடித்து வந்தேன். இந்தத் தடவை நீங்களே உட்காரச் சொன்னீர்கள். கடைமடைக்காரர்கள், ஆற்றின் கடைசியில் இருக்கிற தண்ணீர் எட்டாத ஊர்க்காரர்கள், இரண்டு நாளாக வந்து நின்றார்களாம். நாற்றங்கால் வெடித்துக் கிடக்கிறது, முறை வருகிற வரைக்கும் நாற்று தாங்காது என்று.

"விடிஞ்சா மொறை. பதினாறு மணி நேரம் முன்னாடி தொறந்துவுட்டா யாரு சாகப் போறான்னு நெனச்சேன்" என்றீர்கள். "நான் வுட்ட தண்ணி மேடம் அது. அதுல நான் எறங்காம வேற யாரு எறங்குவா? இதுக்குப் போயி மெடலு கேட்டு எழுதியிருக்கீங்க."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, என்மேல்தான். சம்பவத்துக்கு மறுநாள் விடிந்ததும் முறைத் தண்ணீர் வந்து எல்லாத் தடயத்தையும் மூடியிருந்தது. கடைமடைக்காரர்கள் வாயைத் திறந்தால் அவர்கள் கேட்டு வாங்கியது வெளியே வரும், அதனால் திறக்க மாட்டார்கள். யாருக்கும் தெரியாமல் போயிருக்க வேண்டிய காரியம். நான்தான் அதை மூன்று நகல் எடுத்து அரசாங்கத்துக்கு அனுப்பி வைத்தேன். உங்கள் வேலையே போகலாம்.

அதோடு விட்டதா? விசாரணை என்று ஊருக்குள் தெரிந்ததும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. தண்ணீரே இல்லாத ஆற்றில் எப்படி முழுகினாள்? பெரிய ஆற்றில் விழுந்து சாகப் போனவளை யாரோ தடுத்திருக்கிறார்கள் என்றார்கள். லஸ்கருக்கு ஏன் இவள்மேல் இத்தனை அக்கறை என்றார்கள். சரோஜாவின் மாமியார் வீட்டில் அவளையும் பெண்ணையும் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் புருஷன் முருகேசன் தடுக்கவில்லையாம். பொய்க்காரி என்று அவளை முதலில் சொன்னது கலெக்டர் ஆபீஸ் தாள். அதை வரவழைத்தது என் கை.

தாசில்தார் நல்ல மனிதர். உங்களைக் கூப்பிட்டு, என்னையும் வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார். "ஆதாரம் போதலன்னு எழுதி ஃபைல மூடிடலாம். உங்களுக்கும் தொந்தரவு இல்ல, எங்களுக்கும் இல்ல." எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஸ்டெல்லா, இனி ஜென்மத்தில் பதக்கம் என்று வாயைத் திறக்காதே என்று உள்ளுக்குள் எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

"மூடிட்டா அந்தப் பொண்ணு சொன்னது பொய்யின்னு ஆயிடுமே சார்?" என்று கேட்டீர்கள்.

"ஒரு பேப்பர் குடுங்க" என்றீர்கள்.

நான்தான் கொடுத்தேன். வலது கை மேசைக்கு ஏறவில்லை. இடது கையால் அதைத் தூக்கி மேசைமேல் வைத்து எழுதினீர்கள். முறை வருவதற்கு முந்தின நாள் பகல் இரண்டு மணிக்கு யார் உத்தரவும் இல்லாமல் என் இஷ்டப்படி ஷட்டரைத் திறந்தேன், கேஜ் நோட்டில் பொய்யாக மூடல் என்று எழுதினேன், முறையை நம்பி ஆற்றில் இறங்கிய சரோஜா என்ற பெண்மேல் எந்தத் தப்பும் இல்லை, அவர் சொன்னதெல்லாம் உண்மை. அவ்வளவுதான். கடைமடைக்காரர்கள் கேட்டார்கள் என்ற வார்த்தையே அதில் இல்லை. ஆற்றில் குதித்த வார்த்தையும் இல்லை! நான் படித்துவிட்டு, "நீங்க காப்பாத்துனத எழுதவே இல்லியே" என்று அந்த நேரத்திலும் கேட்டேன் பாருங்கள். என்னை நீங்கள் பார்த்த பார்வையை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

தாசில்தார் முத்திரை வைத்த நகல் ஒன்று கேட்டு வாங்கினீர்கள். அன்று சாயங்காலமே என்னையும் அழைத்துக்கொண்டு முருகேசன் வீட்டு வாசலில் போய் நின்றீர்கள். நாலு பேர் கூடினார்கள். சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னீர்கள், நான் படித்தேன். படித்து முடிக்கும்வரை நீங்கள் தலையை நிமிர்த்தியே நின்றீர்கள். தப்பை ஒத்துக்கொள்கிற மனிதர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. முருகேசன் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். ராத்திரிக்குள் சரோஜாவையும் பெண்ணையும் அழைத்து வந்துவிட்டார் என்று மறுநாள் கேள்விப்பட்டேன். முதல் தடவை தண்ணீரிலிருந்து தூக்கினீர்கள், இரண்டாம் தடவை ஊர் வாயிலிருந்து. இரண்டாவது தடவைக்குத்தான் தைரியம் அதிகம் வேண்டும் என்று நான் இன்றைக்கும் வாதாடுவேன்.

உங்களுக்கு மெமோ வந்தது. இன்கிரிமெண்ட் நிறுத்தினார்கள். கடைமடைக்கே மாற்றினார்கள். "தண்ணி கேட்டவன் ஊருக்கே அனுப்பி வச்சிட்டாங்க, மரியாத பலமாத்தான் இருக்கு" என்றீர்கள். பதக்கத்துக்கு அனுப்பிய சிபாரிசு எங்கே போனது என்று கேட்கவே வேண்டாம். சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போய்ச் சேர்ந்தால்தான் உண்டு என்பது விதி. இரண்டு வருஷமும் எனக்கு நாள்காட்டியைப் பார்த்தே போயிற்று.

ஆனால் பாருங்கள், அதற்குப் பிறகுதான் நமக்குப் பேச்சே ஆரம்பித்தது. ஆபீஸ் வேலையாக நான் நீடாமங்கலம் வரும்போதெல்லாம் நீங்களும் பஸ் ஏறி வந்துவிடுவீர்கள், ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் உட்காருவோம். நான் சார் என்பதை விட்டு அண்ணே என்றேன், நீங்கள் மேடத்தை விட்டு ஸ்டெல்லாம்மா என்றீர்கள். செய்த சத்தியத்தை நான் ஒரு மாதம்கூடக் காப்பாற்றவில்லை. புதிதாக ஏதாவது படித்துவிட்டால் உங்களிடம் கொட்டாமல் எனக்கு இட்லி இறங்காது.

ஆம்ஸ்டர்டாம் கதையைச் சொன்ன நாள் ஞாபகம் இருக்கிறதா? ஊர் முழுக்க வாய்க்கால், தடுக்கினால் தண்ணீர், அதனால் அங்கேதான் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் மூழ்கியவர்களைக் காப்பாற்ற ஒரு சங்கம் வைத்து, காப்பாற்றியவர்களுக்குப் பதக்கம் கொடுக்க ஆரம்பித்தார்கள் என்றேன். அதுவரை பதக்கம் என்றால் சண்டையில் ஆளைக் கொன்றவனுக்குத்தானே! ஆளைப் பிழைக்க வைத்தவனுக்கும் உண்டு என்று முதலில் நினைத்தது ஒரு வாய்க்கால் ஊர் என்பதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நீங்கள் டீயை ஆற்றிக்கொண்டே, "அங்கயும் மொற வச்சித்தான் தண்ணி வுடுவானா?" என்று கேட்டீர்கள்.

அதைப் பார்த்து லண்டனிலும் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். தண்ணீரிலிருந்து எடுத்த ஆளுக்கு மூச்சு வர வேண்டும் என்று, துருத்தியை வைத்துப் புகையிலைப் புகையை ஆசனவாயில் ஊதினார்கள் என்று நான் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். பக்கத்து பெஞ்சு திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தீர்கள். "நம்மாளு பொகையிலைய வாயில அடக்குவான். வெள்ளக்காரன் எடமே வேற!" அன்றைக்கு டீக்கடைக்காரர் என்னிடம், என்னம்மா விஷயம் என்று மூன்று தடவை கேட்டார். நான் சொல்லவே இல்லை.

பிறகு அங்கே ராணியின் புருஷன் பெயரில் ஒரு பதக்கம் வந்தது, முதலில் கடலில் காப்பாற்றியவர்களுக்கு மட்டும். நிலத்தில் காப்பாற்றினால் கிடையாது. கொஞ்ச வருஷம் போய்த்தான் நிலத்துக்கும் என்றார்கள். சுரங்கத்துக்குள் சக தொழிலாளியைத் தோண்டி எடுத்தவனுக்கு அதற்கும் பிறகு தனியாக ஒன்று. ஒவ்வொன்றும் யாரோ கேட்டுக் கேட்டு வந்ததுதான் என்று நான் மேசையைத் தட்டினேன். நம் நாட்டுப் பதக்கத்தில் மூன்று படி உண்டு, ஆபத்து எவ்வளவு பெரிது என்று பார்த்துக் கொடுப்பார்கள் என்றதும் உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "தண்ணி என்ன ஃபஸ்ட் கிளாஸ், செகண்ட் கிளாஸுன்னு பாத்தா ஆள இழுக்குது?" என்றீர்கள்.

ஒன்றே ஒன்றைத்தான் நீங்கள் கிண்டல் செய்யவில்லை. அந்த லண்டன் சங்கத்தில், உயிரைப் பணயம் வைத்து இறங்கியும் காப்பாற்ற முடியாமல் போனவர்களுக்கும் பதக்கம் உண்டு, பின்பக்கம் எழுத்து மட்டும் வேறு என்று சொன்னேன். காலி கிளாஸைத் திருப்பித் திருப்பி வைத்தீர்கள். "அதக் குடுத்தவன் தண்ணியில எறங்குனவனா இருப்பான்" என்றீர்கள் கடைசியில். ரெண்டாவது முங்கலில் கைக்கு ஒன்றும் வராமல் போயிருந்தால் என்று நினைத்தீர்களோ என்னவோ. நான் கேட்கவில்லை.

இன்னொரு நாள் நான் ஏதோ நாடாவின் நிறத்தைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டிருந்தபோது குறுக்கே கேட்டீர்கள். "ஸ்டெல்லாம்மா, மெடலப் பத்திப் பேசறப்பல்லாம் நீங்க வேற ஏதோ சொல்ல வர்றீங்க. என்னது?" நான் ரயில் வந்துவிட்டது என்று எழுந்துவிட்டேன். ரயில் வரவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மாசியில், உங்கள் பையன் போன் செய்தான். அப்போது நீங்கள் ரிட்டயர் ஆகி நாலு வருஷம். நெஞ்சுவலி என்றதும் ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது என்றான். நான் ஓடி வந்தேன். இப்போது நான் சொல்லப் போவது நீங்கள் பார்க்காதது. உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அந்த மாசியிலிருந்து மனசு துடித்துக்கொண்டிருக்கிறது.

உங்களைக் குளிப்பாட்டி மாலை போட்டு உட்கார வைத்திருந்தார்கள். கோடித்துணி போடுகிற நேரம். உறவுமுறை சொல்லிக் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். சடங்கு செய்து வைத்தவர் வழக்கப்படி, "மருமகப்புள்ள கோடி உண்டா?" என்று குரல் கொடுத்தார். கேட்பது முறைக்காகத்தான், உங்களுக்குப் பெண் கிடையாது, ஒரே பையன் என்று ஊருக்கே தெரியும். அவர் அடுத்ததைக் கூப்பிட வாயெடுத்தபோது, கூட்டத்துக்குப் பின்னாலிருந்து "இருக்கு" என்று ஒரு குரல்.

முருகேசன்!

தலையில் ஈரத்துண்டு. கையில் மடிப்புக் கலையாத எட்டுமுழ வேட்டி. பின்னால் சரோஜா. அவர்கள் தெரு வேறு, உங்கள் தெரு வேறு. அந்தத் தெருவிலிருந்து இந்தத் தெருவுக்குக் கோடி எடுத்து வருகிற வழக்கம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. உங்கள் பங்காளி ஒருவர், "யாருக்கு யாரு மருமகன்?" என்று கேட்டேவிட்டார்.

சரோஜா முன்னால் வந்தாள். "எங்கப்பா பெத்தாரு. இவரு ரெண்டு தடவ எடுத்தாரு. ஆத்துல ஒரு தடவ, ஊருல ஒரு தடவ. நான் பொண்ணு இல்லன்னா வேற யாரு பொண்ணு?" அழுகை இல்லை, நடுக்கம் இல்லை, அத்தனை பேர் முன்னால். அன்றைக்கு அவள் வாக்குமூலத்தைப் பொய் என்ற ஊர் முன்னால்.

உங்கள் பையன்தான் நகர்ந்து வழிவிட்டான். முருகேசன் கோடியை உங்கள்மேல் போர்த்தி, வலது தோள் பக்கம் மட்டும் இரண்டு தடவை இழுத்துச் சரிசெய்தார். கைதட்ட வேண்டும் போலிருந்தது, அண்ணே. சாவு வீட்டில் கைதட்டினால் அடித்துத் துரத்துவார்கள் என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒரு நாள், வழக்கம்போலக் கிடைத்ததைப் படித்துக்கொண்டிருந்தபோது, இந்தப் பதக்கங்களுக்கெல்லாம் மூத்தது எது என்று தெரிந்துகொண்டேன். உங்களுக்குச் சொல்லாத ஒரே கதை இதுதான். பழைய ரோமாபுரியில், போரில் சக குடிமகனின் உயிரைக் காத்தவனுக்கு ஓக் மரத்து இலையில் ஒரு கிரீடம் கட்டிச் சூட்டுவார்கள். பொன்னில் இல்லை, வெறும் இலை. அதைச் சூடியவன் விளையாட்டு அரங்குக்குள் வந்தால் பெரிய மனிதர்கள்கூட எழுந்து நிற்பார்கள். ஆனால் அதைப் பெறுவதற்கு ஒரு விதி. தளபதி பார்த்தேன் என்று சொன்னாலும் செல்லாது, ஊரே சாட்சி சொன்னாலும் செல்லாது. காப்பாற்றப்பட்டவன் தானே முன்வந்து, இவர்தான் என்னைக் காத்தார் என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகு ஆயுள் முழுக்க அவரைத் தகப்பனாக வைத்து நடத்த வேண்டும்.

படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்! கேஜ் நோட்டும் வேண்டாம், தாசில்தார் முத்திரையும் வேண்டாம், இரண்டு வருஷக் கெடுவும் கிடையாது. உங்களுக்குக் கிடைத்தது உலகத்திலேயே பழைய பதக்கம், அண்ணே. அந்த விதிப்படிதான், அந்த வாயால்தான் கிடைத்தது. நான் எழுதிய சிபாரிசால் இல்லை. அதை யாரும் சிபாரிசே செய்யவில்லை.

ஆகையால் இனிமேல் பதக்கத்தைச் சாக்கு வைத்துப் பேச எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. டீக்கடையில் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆம்ஸ்டர்டாம், லண்டன், ராணி, சுரங்கம் என்று அத்தனை வருஷம் சுற்றிச் சுற்றி நான் சொல்ல வந்தது ஒரே ஒரு வார்த்தைதான். உங்களைக் கேட்காமல் உங்கள் பெயரை எழுதி அனுப்பினேன். உங்கள் வேலையையும் சரோஜாவின் வாழ்க்கையையும் ஆட்டம் காண வைத்தேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்பதால் அது சரியாகிவிடாது. உங்கள் தப்பை நீங்கள் ஒரு தாளில் ஐந்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தீர்கள். என் தப்பை எழுத எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. இப்போது எழுதுகிறேன்.

அண்ணே, அன்றைக்கு நான் உங்களைக் கேட்டிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெல்லா